ஏழு பாருக்கு ஐந்தே முக்கால்

மார்ச் 3, திங்கள்

டைட்டேனியம் குழாய்கள் வந்து சேர்ந்தன. பதினொரு மரப்பெட்டிகள். நான்கு மாதம் காத்திருந்து வந்தவை என்பதால், பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்பது போல ஆலை முழுக்க வாசலில் நின்றது. கிரேன்காரர் ஒவ்வொரு பெட்டியையும் இறக்கும்போது தானே சுமப்பவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும் மாடியிலிருந்து இறங்கிப்போய் ஒரு குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எடையே இல்லை. இரண்டரை சென்டிமீட்டர் விட்டம், சுவரின் தடிமன் அரை மில்லிமீட்டர். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு மெல்லிசான குழாயை நான் வெப்பப் பரிமாற்றியில் போட்டதில்லை.

மத்தியானம் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். வடிவமைப்புப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். என்னைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டே, "மே மாசம் நான் ப்ராஜெக்ட் பக்கம் போறேன். மூணாவது கட்டம் காலியாகும்" என்றார். "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் வரைபடம் ஒவ்வொன்றிலும் கீழ் மூலையில் மூன்று கட்டங்கள் உண்டு. செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். முதல் இரண்டிலும் என் கையெழுத்து ஆயிரக்கணக்கில் இருக்கும். மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை. "அதெல்லாம் யாருக்கு வேணும், தலைவலி" என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பொய். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்: எனக்கு அது வேண்டும். ரொம்ப வேண்டும்.

மார்ச் 5, புதன்

என் வரைபடங்களைச் சரிபார்க்கிறவருக்கு நான் வைத்த பெயர் காற்புள்ளி. இன்று என் வரைபடத்தை மூன்று காற்புள்ளிகளுக்காகவும் ஒரு இடைவெளிக்காகவும் திருப்பி அனுப்பினார். பெயருக்கேற்ற மனிதர்.

மார்ச் 8, சனி

சமையலறையில் நல்ல வெயில். மகள் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு என்னிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது முடிகிறது. "அப்படி என்னதான்மா செய்றீங்க அங்க?" என்றாள். இத்தனை வருடம் கழித்து ஒருவழியாகக் கேட்டாள் என்று சந்தோஷமாக உட்கார்ந்து சொன்னேன்.

ஒரு பெரிய உருளை. அதற்கு ஷெல் என்று பெயர். அதற்குள் அறுநூறு குழாய்கள், இரண்டு முனையிலும் தடித்த தகட்டில் இறுக்கியிருக்கும். குழாய்க்குள் ஒரு திரவம், வெளியே ஷெல்லுக்குள் இன்னொரு திரவம். ஒன்றின் சூடு மற்றதற்குப் போகும். வழக்கமாக உள்ளே இருப்பது வெளியே தள்ளும். குழாய் உப்பி வெடிக்காமல் பார்த்துக்கொள்வது சுலபம். இந்தத் தடவை எல்லாம் தலைகீழ். உள்ளே உப்புநீர், அழுத்தம் கம்மி. வெளியே நல்ல தண்ணீர், ஏழு பார் அழுத்தம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏழு மடங்கு. அது குழாயைச் சுற்றி நாலாபக்கமும் அமுக்கும். உப்புகிற குழாய் சொல்லிவிட்டு உப்பும். நசுங்குகிற குழாய் சொல்லாது. இந்த நிமிடம் வட்டம், அடுத்த நிமிடம் சப்பை.

"அதை எப்படித் தடுக்கறது?"

"அதுக்குத்தான் என் ஷீட்."

என் ஷீட். விட்டம், தடிமன், நீளம், உலோகம், வெப்பநிலை எல்லாம் போட்டால் இந்தக் குழாய் வெளியிலிருந்து எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிடும். இவள் வயிற்றில் இருந்தபோது, வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில் நான் கணினியில் போட்ட கணக்குத்தாள். அலுவலகத்தில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். "அக்கா ஷீட்" என்றே பெயர்.

"அப்போ அது எனக்கு அக்காவா?" என்றாள்.

"ரெண்டு மாசம் மூத்தது. உன்னைவிடச் சொன்ன பேச்சு கேக்கும்" என்றேன். போய்ப் படித்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

குழாய் கோர்க்கிற வேலை இன்று ஆரம்பம். கீழே மௌனியைப் பார்க்கப் போனேன். மௌனி ஃபிட்டர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதில் நாலு "சரி". அவர் மேஜையில் ஒரு பேஃபிள் தகடு கிடந்தது. உருளைக்குள் தண்ணீரை வளைத்து வளைத்து ஓடவிடுவதற்காகக் குறுக்கே நிற்கிற தகடு அது. குழாய்கள் எல்லாம் அதன் துளைகள் வழியே போகும்.

மௌனி ஒரு துண்டுக் குழாயை ஒரு துளைக்குள் நுழைத்து, முனையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினார். குழாய் கொஞ்சம் முட்டை வடிவமாயிற்று. விட்டதும் வட்டமானது.

"நசுங்குது மேடம்" என்றார். அவ்வளவுதான்.

நானும் அழுத்திப் பார்த்தேன். துளை குழாயைவிட அரை மில்லிமீட்டர் பெரிது. இல்லாவிட்டால் கோர்க்கவே முடியாது. விளக்குக்கு நேராகப் பிடித்தால் குழாயைச் சுற்றிலும் மெல்லிய வெளிச்ச வளையம் தெரிந்தது. அழுத்தியபோது இரண்டு பக்கம் வளையம் அகன்றது, இரண்டு பக்கம் ஒடுங்கியது. தகடு சும்மா நின்றது. குழாய் ஆடாமல் அது பிடிக்கும், குலுங்காமல் பிடிக்கும். நசுங்காமல் எப்படிப் பிடிக்கும்?

அப்படியென்றால் என் ஷீட்டில் நீளம் என்ற கட்டத்தில் நான் எதை —

மாடிக்கு எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 12, புதன்

விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் போல விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன்.

விதி அழுத்தக் கலங்களுக்காக எழுதப்பட்டது. வெளியிலிருந்து அமுக்கப்படுகிற ஒரு பெரிய உருளையைப் பலப்படுத்த, அதன் உடம்பில் வளையங்களைப் பற்றவைப்பார்கள். அப்போது ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையம் வரைதான் கணக்குக்கு நீளம். நீளம் குறையக் குறைய உருளை கூடுதலாகத் தாங்கும். சரி. குழாயும் ஒரு குட்டி உருளைதானே, அதே விதி பொருந்தும். அதுவும் சரி. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நான் என்ன செய்தேன்? வளையம் இருந்த இடத்தில் பேஃபிளை வைத்தேன். ஒரு பேஃபிளிலிருந்து அடுத்த பேஃபிள் வரை நீளம் என்று போட்டேன். வளையம் உடம்போடு ஒட்டியது. பேஃபிளில் குழாய் சும்மா நுழைந்து நிற்கிறது. இரண்டும் ஒன்றா? முனைத் தகட்டிலிருந்து முனைத் தகடு வரை முழு நீளத்தையும் அல்லவா எடுத்திருக்க வேண்டும்?

எடுத்துப் பார்த்தேன். பேஃபிள் கணக்கில் இந்தக் குழாய் எட்டு பார் சொச்சம் தாங்கும் என்று வந்திருந்தது. வாடிக்கையாளர் கேட்டது ஏழு. அதனால் தேறியது. சரியான நீளத்தைப் போட்டால் ஐந்தே முக்கால்.

ஏழு பாருக்கு ஐந்தே முக்கால்.

கால்குலேட்டரில் போட்டேன். கையால் போட்டேன். காகிதத்தைத் திருப்பி இன்னொரு தடவை போட்டேன். அசைகிற வழியாக இல்லை.

இது ஒன்றுதானா? பத்தொன்பது வருடமாக எத்தனை பரிமாற்றிகள் இந்த ஷீட்டை நம்பிப் போயிருக்கின்றன? எங்கெங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன? பக்கத்தில் யார் யார் நின்று வேலை பார்க்கிறார்கள்? 

மார்ச் 13, வியாழன்

காற்புள்ளியிடம் மட்டும் சொன்னேன். இந்தக் கணக்கில் இரண்டாவது கட்டத்தில் அவருடைய கையெழுத்துத்தான் இருக்கிறது. என்னைவிட ஏழு வயது சின்னவர். மூன்றாவது கட்டத்தின் மேல் அவருக்கும் ஒரு கண் உண்டு என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கையால் ஒரு கணக்குப் போட்டார். அதே ஐந்தே முக்கால்.

"அக்கா, இது பாதுகாப்பு மடங்கெல்லாம் போக வர்ற எண். நிஜத்துல நசுங்கணும்னா பதினேழு பார் வேணும். விதி மூணு மடங்கு கேக்குது, நமக்கு ரெண்டரை இருக்கு."

"ரெண்டரைக்குக் கீழ."

"சரி, கீழ. சோதனை ஒன்பது பார்ல நடக்கும். தேறிடும். ஒண்ணும் ஆகாது."

"தேறிடும்னு எனக்கும் தெரியும்."

"வரைபடத்துல இன்ஸ்பெக்டர் முத்திரை போட்டாச்சு. குழாய் வந்தாச்சு. நீங்க வாயத் திறக்கலைன்னா யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னது ஒன்றுகூடப் பொய் இல்லை. எரிச்சலே அதுதான். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "நானும்தான் கையெழுத்துப் போட்டேன்" என்று மெதுவாகச் சொன்னார். அவரைத் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது, திட்டவில்லை. என் ஷீட்டை நம்பிப் போட்டார். கூட்டல் கழித்தலைப் பார்த்தார். அடியில் நான் போட்ட தப்பை எப்படிப் பார்ப்பார்?

மார்ச் 14, வெள்ளி

தலைவரின் அறை வாசல்வரை இரண்டு தடவை போனேன். சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

என் வீட்டுக்காரர் பின்னறையில் பல்செட் செய்துகொண்டிருந்தார், அதுதான் இவர் தொழில். எங்கள் வீட்டில் பல்செட்டுகள் ஆங்காங்கே சிரித்துக்கொண்டிருக்கும், விருந்தாளிகள்தான் பயப்படுவார்கள். நான் போய் முக்காலியில் உட்கார்ந்தேன்.  கொஞ்ச நேரம் கழித்து, "ஆபீஸ்ல என்ன?" என்றார் நிமிராமல்.

சொன்னேன். எல்லாவற்றையும். மூன்றாவது கட்டம் எனக்கு வேண்டும் என்பதையும் சேர்த்து. அதைச் சொன்னபோதுதான் அழுகை வந்தது. வெட்கக்கேடு. குழாய் நசுங்குவதற்கு அழவில்லை, கட்டத்துக்கு அழுதேன்.

இவர் கையிலிருந்த மேல்வரிசைப் பல்லை வைத்துவிட்டு, "எனக்கு இந்த பார் கணக்கெல்லாம் புரியாது. உனக்கு நாக்குல குத்துதா?" என்றார்.

"என்னது?"

"பல்செட் வாங்கிட்டுப் போறவங்க சில பேரு நல்லாருக்கு, கடிக்க முடியுது, ஆனா ஓரமா ஒரு இடத்துல நாக்கு போய் போய் முட்டுதுன்னு சொல்லுவாங்க. அளவெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா நாக்கு அங்கயே போகும். அதை வாங்கித் தேச்சுக் குடுக்காம நான் விட்டதில்ல."

"நாக்கு அங்கேயேதான் போகுது" என்றேன்.

"அப்போ குடுத்துடு" என்றார். மறுபடி பல்லை எடுத்துக்கொண்டார். ரொம்ப யோசித்து ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. அதனால்தான் இருபது வருடமாகச் சண்டை போட்டாலும் இந்த முக்காலிக்கே வந்து உட்காருகிறேன்.

மார்ச் 17, திங்கள்

எட்டரை மணிக்கே தலைவரிடம் போய்விட்டேன். காபி குடிக்கும்முன் சொன்னால் கோபம் அதிகமாகும் என்று தெரியும், காபிக்குப் பிறகு எனக்குத் தைரியம் இருக்காது என்றும் தெரியும்.

காகிதத்தை வைத்தேன். படித்தார். முதலில் சிவந்தார், பிறகு வெளுத்தார்.

"கோர்ப்பு எவ்வளவு தூரம்?"

"நூத்தி எண்பது குழாய் போயாச்சு. நிறுத்தச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

பிறகு பத்து நிமிடம் கத்தினார். கோர்ப்பு நின்றால் குறைந்தது மூன்று வாரம் தாமதமாகும், முதலாளிக்கு யார் பதில் சொல்வது, வேறு குழாய் வாங்க இன்னும் நாலு மாதம், இருபத்திரண்டு வருட அனுபவம் எதற்கு? நான் நின்றுகொண்டே கேட்டேன். அவர் கேட்டது எல்லாம் நியாயம். ஆனால் கடைசியில் "இதை உங்ககிட்டேர்ந்து எதிர்பார்க்கல" என்றாரே, அப்போது எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நானும்தான் எதிர்பார்க்கல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கலாம், சார். சோதனை தேறியிருக்கும். மறைக்கல. அதையும் சேர்த்துத் திட்டுங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அங்கிருந்தே, "வாடிக்கையாளருக்கு நீங்களே போன் பண்ணுங்க" என்றார்.

கட்டத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? போயிற்று.

ஆனால் ஒன்று: இன்றைக்குச் சோறு இறங்கியது.

மார்ச் 18, செவ்வாய்

வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் இருக்கிறார். குரல் எப்போதும் தொண்டை கட்டினது போலவே வரும். கரகரப்பார் என்று காற்புள்ளி பெயர் வைத்திருக்கிறார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.  

"இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?" என்றார்.

"வேற யார்கிட்ட சொல்றது?"

"இல்ல, யாரும் சொல்ல மாட்டாங்க. அதான் கேட்டேன்." இருமினார். "ஏழு எங்கேர்ந்து வந்துதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன். ஒரு வாரம் குடுங்க."

மார்ச் 19, புதன்

ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் முடியாது. பழைய கோப்புகளை எடுத்தேன். வெளியழுத்தம் அதிகமாக இருக்கும் பரிமாற்றிகள், என் ஷீட்டில் கணக்குப் போட்டவை, மொத்தம் நூற்று முப்பத்தெட்டு. ஒவ்வொன்றையும் முழு நீளத்துக்கு மறுபடி போடப் போகிறேன். முதல் பன்னிரண்டு இன்று முடிந்தது.

பன்னிரண்டிலும் விடை மாறவில்லை. இரண்டாம் தசம இடத்தில்கூட மாறவில்லை. எங்கேயோ தப்புப் பண்ணுகிறேன் போலிருக்கிறது. பேஃபிள் இடைவெளி முப்பது சென்டிமீட்டர், முழு நீளம் ஆறு மீட்டர். எப்படி மாறாமல் இருக்கும்?

மார்ச் 20, வியாழன்

புரிந்துவிட்டது! தடித்த குழாய்க்கு அரைச் சாண் நீளம் தாண்டிவிட்டால் அதற்கு மேல் நீளம் ஒரு பொருட்டே இல்லை. அதன் சுவரே அதைப் பிடித்துக்கொள்கிறது. முனைகளின் உதவி அதற்குமேல் எட்டுவதில்லை. ஒரு சாணும் ஒன்றுதான், ஆறு மீட்டரும் ஒன்றுதான். இத்தனை வருடமாக நாங்கள் போட்டதெல்லாம் தடித்த குழாய்கள், பேஃபிள்களுக்கு நடுவே எப்போதும் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி. தப்பான நீளத்தைப் போட்டாலும் சரியான விடை வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் பத்தொன்பது வருடம் ஒரு இன்ஸ்பெக்டருக்கும் சந்தேகம் வரவில்லை.

மெல்லிய குழாய்க்கு அந்த எல்லை முழுச் சாண். இந்த டைட்டேனியத்துக்கு பேஃபிள் இடைவெளியோ பதினைந்து சென்டிமீட்டர்தான். முதல் தடவையாக எல்லைக்கு உள்ளே வந்தோம். முதல் தடவையாகத் தப்பு வேலை செய்தது.

இது தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தேன். காற்புள்ளி என்ன ஏது என்று ஓடிவந்தார். சொன்னேன். நம்பவில்லை. மிச்சமிருந்த நூற்று இருபத்தாறு கோப்புகளில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விட்டார். "எண்பது எனக்கு, மிச்சம் உங்களுக்கு" என்றார். பாதி என்றால் அறுபத்துமூன்றுதான் வரும் என்று நான் சொல்லவில்லை. அவர் காற்புள்ளி பார்க்கிறவர், கூட்டல் பார்க்கிறவள் நான்.

மார்ச் 22, சனி

முடிந்தது. நூற்று முப்பத்தெட்டில் நூற்று முப்பத்தேழில் விடை மாறவில்லை. ஒரே ஒன்றில் மாறியது. ஒரு சின்னத் துருவேறா எஃகுப் பரிமாற்றி, ஏழு வருடத்துக்கு முன்னால் போனது. மாறியும் தேவைக்குப் பல மடங்கு மேலேயே நிற்கிறது.

சனிக்கிழமை என்றும் பாராமல் காற்புள்ளி வந்து உட்கார்ந்து தன் பங்கை முடித்தார். மத்தியானம் அவர் வீட்டுச் சாப்பாட்டை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். அவர் மனைவி என்னைவிட நன்றாகச் சமைக்கிறாள். அது பெரிய சாதனை ஒன்றும் இல்லை.

"அக்கா, நான் அன்னிக்குச் சொன்னதை மறந்துடுங்க" என்றார்.

"எதை?"

"வாயத் திறக்கலைன்னா யாருக்குத் தெரியும்னு."

"உங்க கணக்கு சரியாத்தான் இருந்துது" என்றேன். சிரித்தார். கண்ணாடியைக் கழற்றினார், இந்தத் தடவை துடைக்கவில்லை. நல்ல முகம்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கிற நூற்று முப்பத்தெட்டு பரிமாற்றிகளும் பத்திரமாக இருக்கின்றன. பழக்கடையில் நின்று ஒரு கிலோ வாங்கினேன், பேரம் பேசவில்லை. கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மார்ச் 24, திங்கள்

எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதித் தலைவர் மேஜையில் வைத்தேன். நீளம் தப்பு, யார் செய்தது, எப்போது செய்தது, எதில் பாதிப்பு, எதில் இல்லை. "யார் செய்தது" என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். ஷீட்டிலும் அந்தக் கட்டத்தைத் திருத்தி, பக்கத்தில் ஏன் என்றும் எழுதி வைத்தேன்.

 அந்த இரண்டு பக்கம் நாலு நாளாக அங்கேயே கிடக்கிறது என்று வெள்ளிக்கிழமை எழுதும்படி வைத்துவிடாதே கடவுளே.

மார்ச் 27, வியாழன்

கரகரப்பார் அழைத்தார். ஏழு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டாராம்.

"நாங்க எப்பவுமே ஏழுன்னு எழுதுவோம். எங்களுக்கு முன்னாடி இருந்தவர் எழுதினார், அதான் நாங்களும். எங்க பம்ப் வால்வை மூடிக்கிட்டு ஓடினாக்கூட அஞ்சு தாண்டாது."

 நான் மட்டும்தான் பழக்கத்தில் எழுதியவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒண்ணு" என்று இருமினார். "மாற்று பம்ப் ஒண்ணு இருக்கு. அது ஆறரை வரைக்கும் போகும்."

கொண்டாட்டம் அடங்கிவிட்டது. மாற்று பம்பை ஓட்டவே கூடாது என்று எழுதி ஒட்டினால் போதுமா? போதாது. எழுதி ஒட்டியதை யார் படிக்கிறார்கள்? அவரே மாலையில் மறுபடி அழைத்தார். மாற்று பம்பில் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தைக் கழற்றிக் கடைந்து கொஞ்சம் சிறிதாக்கிவிடுவார்களாம். அதற்குப் பிறகு அதுவும் ஐந்தைத் தாண்டாது. ஷெல்லில் ஐந்தரைக்குத் திறக்கிற பாதுகாப்பு வால்வு ஒன்று நாங்கள் போட்டுக் கொடுக்க வேண்டும். பரிமாற்றியின் பெயர்ப்பலகையில் ஏழு போய் ஐந்தரை வரும். குழாய் தாங்குவது ஐந்தே முக்கால். விதிப்படி, மூன்று மடங்கும் முழுதாக.

"எழுத்துல அனுப்புங்க சார்" என்றேன்.

"அனுப்பறேன். நீங்க அந்த ரெண்டு பக்கத்தையும் அனுப்புவீங்களா? உங்க தலைவர் சொன்னார். எங்ககிட்ட இன்னும் நாலு இடத்துல பரிமாற்றி இருக்கு, வேற ஆளுங்க செஞ்சது. பேஃபிள் கணக்கா, முழு நீளக் கணக்கான்னு கேக்கணும்."

உங்க தலைவர் சொன்னார். அப்படியானால் படித்திருக்கிறார்.

ஏப்ரல் 4, வெள்ளி

கோர்ப்பு மறுபடி ஆரம்பித்தது. மௌனி "சரி" என்றார். நான் "உங்களாலதான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை; விளக்கமாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நசுங்குச்சு, சொன்னேன்" என்றார்.

ஏப்ரல் 12, சனி

மகள் தேர்வு முடிந்து இரண்டு நாளாகத் தூங்குகிறாள். எழுந்து வந்தவள், "அக்கா எப்படி இருக்கா?" என்றாள். எந்த அக்கா என்று விழித்தேன். ஷீட்டைக் கேட்கிறாளாம். உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேவலை என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சோதனை நாள். ஐந்தரைக்கு ஏற்ற சோதனை அழுத்தம் ஏழு பார் சொச்சம். ஷெல்லில் தண்ணீர் நிரப்பி ஏற்றினார்கள். முள் ஏறி நின்றது. இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், நாங்கள் எல்லாம் நின்றோம். அரை மணி நேரம் முள் அசையவில்லை. முடிந்ததும் மௌனி விளக்கைப் பிடித்துக் குழாய் குழாயாகப் பார்த்தார், அறுநூறையும். எல்லாம் வட்டம்.

தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நூத்தி முப்பத்தெட்டையும் எடுத்துப் பார்க்கணும்னு நான் சொல்லலையே" என்றார்.

"சொல்லல சார்."

"சரி" என்று போய்விட்டார். மௌனியோடு சேர்ந்து அவரும் கெட்டுப்போய்விட்டார்.

மே 2, வெள்ளி

அறிவிப்புப் பலகையில் காகிதம். காற்புள்ளிதான் ஓடிவந்து சொன்னார், அதில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். திங்கள்கிழமையிலிருந்து மூன்றாவது கட்டம் எனக்கு. "எனக்கு வருத்தம் இல்லன்னு சொன்னா பொய்யா இருக்கும்கா" என்றார். "நீங்க பொய் சொல்லாததே போதும்" என்றேன். இருவருமாகக் காபி குடித்தோம்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். இந்தத் தடவை வெட்கமாக இல்லை.

மே 5, திங்கள்

முதல் வரைபடம் பத்தேகாலுக்கே வந்தது. தலைவர் ப்ராஜெக்ட் பக்கம் போகுமுன் அவசரத்துக்காகத் தானே உட்கார்ந்து சனிக்கிழமை போட்டதாம். முதல் கட்டத்தில் அவர், இரண்டாவதில் காற்புள்ளி. மூன்றாவது காலி. வாடிக்கையாளர் மத்தியானம் கேட்பார். "பார்த்துப் போட்டுடுங்க" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார். புதுப் பேனாவைத் திறந்தேன்.

இதிலும் வெளியழுத்தம்தான். குழாய்கள் நேராக இல்லாமல் கொண்டை ஊசிபோல் வளைந்து திரும்புகிறவை. வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டு மெலியும். உள்வரிசைக் குழாய்களுக்கு வளைவு ரொம்பக் குறுகல், அதனால் ரொம்பவே மெலியும். கணக்கில் தடிமன் என்ற இடத்தில் நேர்க்குழாயின் தடிமன் இருந்தது. போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு வரிசையும் தேறவில்லை.

பேனாவை மூடினேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் புது அறைக்குப் போய், வளைவைக் காட்டினேன். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முதல் நாளேவா?" என்றார்.

"முதல் நாளேதான் சார்."

"மத்தியானம் கேப்பாங்க."

"நாளைக்குக் குடுக்கறோம்னு சொல்லுங்க. நான் வேணா போன் பண்றேன்."

"வேண்டாம், நானே பண்றேன்" என்று தொலைபேசியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். இவர் கைகழுவிக்கொண்டு முன்னறைக்கே வந்திருந்தார்.

"முதல் கையெழுத்துப் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"ஏன்?"

"தப்பா இருந்துது. திருப்பிட்டேன்."

"யாரு செஞ்சது?"

"தலைவர்."

இவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகளும் பார்த்தாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளி, "சாப்பிடு" என்றார்.